பெயர் மறைந்த பங்காளி
பொதுசனத் தொடர்புத் தொழிலும் பெண்ணும்: ஒரு நோக்கு

சென்ற ஆண்டு எமது உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, பெண் விடுதலை கடந்து வந்த பாதை என்னும் பொருள் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். வாக்குரிமை, கல்வியுரிமை, தொழிலுரிமை என்று வரிசையாகக் கூறிவந்தவள், 1929ஆம் ஆண்டு நியூயோர்க் நகரத்து வீதியிலே இளம் பெண்கள் சிலர் பகிரங்கமாகச் சிகரெட் புகைத்து ஆணாதிக்கத்துக்குச் சவால் விடுத்த நிகழ்ச்சியையும் அவ்வரிசையிலே சேர்த்திருந்தாள். நடை தெளிவாக இருந்தது. உணர்ச்சி உண்மையாக இருந்தது. நாமும் நிறையப் புள்ளிகளை வழங்கி, ஓரத்திலே ஒரு பாராட்டுக் குறிப்பும் எழுதினோம். பின்னர் அந்நிகழ்ச்சியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், மாணவி அறியாது எழுதிய ஒன்றுக்கு ஆசிரியராகிய நாமும் அறியாமலே முத்திரை குத்திவிட்டோம் என்பது புலனாயிற்று. இக்கட்டுரை ஒருவகையில் அப்பிழைக்கான திருத்தமேயாகும்.

நிகழ்ச்சி இதுதான். 1929 மார்ச் 31 உயிர்த்த ஞாயிறு. தேவாலய வழிபாடு முடிந்ததும் செல்வந்தர் புத்தாடை அணிந்து நியூயோர்க்கின் ஐந்தாம் அவெனியூவிலே உலாவருவது அந்நகரத்து வழக்கம். அவ்வுலாவினிடையே இளம் பெண்கள் சிலர் சிகரெட்டைப் பற்றவைத்தபடி நடந்தனர். அச்சிகரெட்டுகள் 'சுதந்திரத்தின் தீப்பந்தங்கள்' என வருணிக்கப்பட்டன. மறுநாட் பத்திரிகைகள் அதனைச் செய்தியாக்கின. பெண்களை அழைத்த தந்தி ஆண் பெண் சமத்துவத்தின் பேரால் அனுப்பப்பட்டிருந்தது. அதிலே கையொப்பமிட்டவர் பேர்த்தா ஹன்ட் என்னும் பெண். இவர் எட்வேட் பேர்ணேய்ஸ் என்பவரின் காரியதரிசி. அந்தப் பேர்ணேய்ஸோ, லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டை உற்பத்தி செய்த அமெரிக்கன் ரொபாக்கோ கொம்பனியிடம் ஊதியம் பெற்ற பொதுசனத் தொடர்பு ஆலோசகர். கொம்பனித் தலைவர் ஜோர்ஜ் வாஷிங்டன் ஹில்லின் விருப்பம் மிக எளிமையானது: பெண்கள் வீட்டினுள் மட்டுமன்றி வீதியிலும் புகைத்தல் வேண்டும். சிக்மண்ட் பிராய்டின் மருமகனான பேர்ணேய்ஸ், ஏ. ஏ. பிறில் என்னும் உளப்பகுப்பாய்வாளரிடம் ஆலோசனை கேட்டார். தீப்பந்தம் என்ற உருவகம் அந்த ஆலோசனையிலே பிறந்தது. ஆகவே, போராட்டமாக உலகுக்குக் காட்டப்பட்டது உண்மையில் ஒரு விற்பனை முயற்சியேயாகும்.

இவ்வளவையும் கூறிவிட்டு, 'எல்லாம் முதலாளித்துவ மோசடி' என்று முடித்துவிடுதல் எளிது. எம்மவர் பலர் இவ்விடயத்தை இவ்வாறே முடித்துவிடுகின்றனர். ஆயின் விமர்சகனின் வேலை இவ்விடத்திலேதான் தொடங்குகின்றது. ஒரு பொய் எடுபடுவதற்கு அதனுள்ளே ஓர் உண்மை இருத்தல் வேண்டும். 1908ஆம் ஆண்டு நியூயோர்க் நகரசபை, பொதுவிடங்களை நடத்துவோர் அங்கு பெண்கள் புகைப்பதற்கு இடமளித்தலாகாதென ஒரு விதியை நிறைவேற்றியது. மேயர் அதனை இரத்துச் செய்தார். ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்னும் மனக்குறை கற்பனையன்று. முதலாவது உலக யுத்த காலத்திலே பெண்கள் தொழிலகங்களுட் புகுந்தனர். 1920இல் அமெரிக்க அரசியல் யாப்பின் பத்தொன்பதாவது திருத்தம் அவர்களுக்கு வாக்குரிமையை உறுதி செய்தது. தன் காலில் நிற்கத் தொடங்கிய ஒரு தலைமுறையின் உணர்வு அது. அவ்வுணர்வை உண்டாக்கியவர் பேர்ணேய்ஸ் அல்லர். பிறர் விதைத்து வளர்த்த பயிரை அவர் தம் எசமானரின் களஞ்சியத்துக்கு அறுத்துச் சென்றார். அவ்வளவே.

இவ்விடத்தில் எமது முகாமைச் சேர்ந்த எழுத்தாளர் பலர் செய்துவரும் தவறொன்றையும் சுட்டுதல் கடன். அமெரிக்கப் பெண்களைச் சிகரெட்டுக்கு அடிமையாக்கியது இந்த ஒரு நாள் ஊர்வலமே என்று கட்டுரைகளிலும் மேடைகளிலும் கூறப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். இதற்குச் சான்று யாது? பெரும்பாலும் பேர்ணேய்ஸ் 1965இல் வெளியிட்ட தன்வரலாறே. பெண்களிடையே புகைத்தல் 1929க்கு முன்னரே பெருகிவரலாயிற்று என்பதையும், ஊர்வலத்தின் விளைவு மிகைப்படுத்தப்பட்டதென்பதையும் அண்மைக்கால வரலாற்றாய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். விளம்பரம் செய்பவன் தன்னைப் பற்றிச் செய்துகொண்ட விளம்பரத்தை நாம் வரலாறென நம்பிவிட்டோம். இதனால் விளையும் கேடு சிறிதன்று. மக்களின் மனத்தை நான்கு சுவருக்குள் இருந்து ஒரு மனிதர் விரும்பியவாறு திருப்பலாம் என ஏற்றுக்கொண்டால், மக்கள் சிந்திக்க வல்லவர் என்னும் எமது அடிப்படை நம்பிக்கையே ஆட்டங்காண்கிறது. அதிலும் பெண்கள் எளிதில் ஏமாறுவோர் என்ற பழைய இழிமொழி, முற்போக்கு வேடம் பூண்டு மீண்டும் மேடையேறுகின்றது.

இனி, இவ்வரலாற்றிலே எமது கவனத்துக்குப் பெரும்பாலும் எட்டாத ஒருவரிடம் வருவோம். பேர்ணேய்ஸின் பெயரை அறிந்தோருட் பலர் டொறிஸ் பிளைஷ்மனின் பெயரை அறியார். 1891இல் பிறந்த இவர், பாணாட் கல்லூரியிலே கற்று 1913இல் பட்டம் பெற்றார். நியூயோர்க் ரிபியூன் பத்திரிகையிலே பணியாற்றினார். 1919இல் பேர்ணேய்ஸின் அலுவலகத்தில் எழுத்தாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டு, கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த தேசிய சங்கம் தனது மாநாட்டை இனவெறி தலைவிரித்தாடிய தென்பகுதியின் அற்லாண்டா நகரிலே நடத்தியபோது, முன்னதாகச் சென்று அதற்கான பிரசார ஏற்பாடுகளைக் கவனித்தவர் இவரே. 1922இல் இருவரும் மணம் செய்தனர், தொழிலிலும் பங்காளிகளாயினர். மணநாளன்று ஹோட்டற் பதிவேட்டிலே அவர் தமது கன்னிப் பெயரையே எழுதினார். அதுவும் பத்திரிகைச் செய்தியாயிற்று. மணமான பெண்ணொருத்திக்கு அவளது சொந்தப் பெயரிலே அமெரிக்க அரசு வழங்கிய முதலாவது கடவுச்சீட்டு 1925இல் இவருக்கு வழங்கப்பட்டதெனக் கூறுவர். மணமானபின்னும் பெண் தன் பெயரைக் காத்துக்கொள்ளல் வேண்டுமென்ற லூசி ஸ்டோன் சங்கத்திலே அவர் ஈடுபாடு கொண்டிருந்தார். அச்சங்கத்தை 1921இல் நிறுவிய ரூத் ஹேல், 1929ஆம் ஆண்டு ஊர்வல அழைப்புக்குத் தம் பெயரை உதவியவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பெயருக்காகப் போராடியவர்களின் பெயரே விற்பனைக்குப் பயன்பட்டது.

கடவுச்சீட்டிலே தன் பெயரைக் காத்த பெண், தொழிலிலே அப்பெயரை இழந்தமைதான் இவ்வரலாற்றின் மையமான முரண்பாடு. அறிக்கைகளையும் உரைகளையும் செய்திமடலையும் எழுதுவதிலே அவர் பெரும் பங்கு வகித்தார். திட்டங்கள் இருவரின் கலந்துரையாடலில் உருவாயின. ஆயின் கட்சிக்காரரைச் சந்திக்கும் அறையிலே அமர்ந்தவர் கணவர் மட்டுமே. பெண்ணின் வாயிலிருந்து வரும் ஆலோசனையை வர்த்தகர்கள் ஆலோசனையாகக் கொள்ளார், பெண்ணின் பேச்சாகவே கொள்வர் என்பது அவர் கணிப்பு. அக்கணிப்பு தவறென நாம் கூறமாட்டோம். பிறருடைய மனப்பான்மையை அறிவதையே தொழிலாகக் கொண்டவர், தம்மைச் சூழ்ந்த மனப்பான்மையை அறியாதிருப்பாரா? அறிந்தமையாலேயே அவர் மறைந்திருந்தார். பிறர் கருத்தை மாற்ற முடியும் என்று பணம் வாங்கிய நிறுவனம், தன் வாசலிலே நின்ற இந்த ஒரு கருத்தை மாற்ற முயன்றதில்லை. அதனைத் தனது நடைமுறையாகவே ஏற்றுக்கொண்டது. தொழிலின் உண்மைத் தன்மை இங்கே வெளிப்படுகின்றது. மக்கள் கருத்தை மாற்றுவதாகக் கூறும் இத்தொழில், ஆதிக்கத்தில் உள்ள கருத்தோடு ஒருபோதும் மோதியதில்லை. அதன் முதுகிலே ஏறிச் சவாரி செய்வதே அதன் வழக்கம்.

பிளைஷ்மன் எழுதியவற்றை ஆண்டு வரிசையிலே நோக்கினால் ஒரு சோகச் சரிவு தெரியும். 1928இல் அவர் பெண்களுக்கான தொழில்கள் பற்றிய ஒரு நூலைத் தொகுத்தார். பொதுசனத் தொடர்பு பெண்களுக்குத் திறந்துள்ள ஒரு புதிய துறையென நம்பிக்கையோடு எழுதினார். 1949இல், பெண்ணிலைவாதத்திலிருந்து ஓய்வுபெறும் ஒருத்தியின் குறிப்புகள் என்ற கருத்துப்படத் தலைப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். இத்தனை காலம் காத்த பெயரை விட்டுக் கணவரின் பெயரை ஏற்பதாக அதிலே அறிவித்தார். 1955இல் 'ஒரு மனைவி பல பெண்கள்' எனப் பொருள்படும் தலைப்போடு அவர் நூல் வந்தது. அட்டையிலே கணவரின் பெயரும் சேர்ந்து நின்றது. தலைப்பைச் சற்றே ஊன்றி நோக்குக. ஒருத்தியே மனைவியாய், தாயாய், இல்லம் நடத்துபவளாய், தொழிற் பங்காளியாய் நிற்க வேண்டும் என்பது பெருமையாகச் சொல்லப்படுகின்றது. 'ஒரு கணவன் பல ஆண்கள்' என்று ஒரு நூல் எழுதப்படுமா? ஆணுக்கு ஒரு தொழில் இருந்தால் அவன் முழுமனிதன். பெண் பல பெண்களாகப் பிளவுபட்டால்தான் ஒரு மனைவியாகிறாள். ஆசிரியை வேடிக்கையாகவும் தேற்றமாகவும் வைத்த தலைப்பு, அவர் எண்ணியதற்கும் மேலாக ஒரு வாக்குமூலமாக அமைந்துவிட்டது.

இதனைத் தனிமனித பலவீனமெனக் கருதுதல் பொருந்தாது. அதேவேளை, இவரைத் தியாகியாக்கி வழிபடுதலும் பொருந்தாது. வேலைக்காரர் பலர் பணிபுரிந்த செல்வ இல்லத்திலே வாழ்ந்தவர் அவர். அந்நிறுவனத்தின் வருவாயிலே பங்கு கொண்டவர். கணவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய லறி டை ஒரு செய்தியைத் தருகிறார். பெண்கள் புகைக்கவேண்டுமென ஊர்வலம் நடத்திய அதே பேர்ணேய்ஸ், வீட்டிலே தம் மனைவி புகைப்பதை நிறுத்தும்படி வற்புறுத்தினாராம். அவர் வைத்திருந்த சிகரெட்டுகளை ஒடித்தெறிவாராம். சந்தையிலே சுதந்திரமாக விற்கப்பட்டது, வீட்டு வாசலிலே நஞ்சாகிவிட்டது. ஊரார் மகளிருக்கு ஒரு சரக்கு, தன் இல்லாளுக்கு ஒரு நீதி.

ஆயின் இக்கதையின் முழு உருவமும் தெரிவதற்கு, ஐந்தாம் அவெனியூவை விட்டு வேறொரு நகருக்குச் செல்லவேண்டும். தென் கரோலைனா மாநிலத்தின் சாள்ஸ்ரன் நகரிலே அமெரிக்கன் ரொபாக்கோ கொம்பனிக்கு ஒரு சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. அதே கொம்பனிதான், தலைவரும் அதே ஹில்தான். அங்கே உழைத்தோரிற் பெரும்பாலார் பெண்கள். அவர்களுட் கறுப்பினப் பெண்கள் மிகப் பலர். குறைந்த கூலியையும் இனப்பாகுபாட்டையும் எதிர்த்து 1945 ஒக்ரோபரில் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஏறத்தாழ ஐந்து மாதங்கள், குளிரிலும் மழையிலும் தொழிற்சாலை வாசலிலே மறியல் நின்றனர். சோர்வு மிகுந்த வேளைகளில் அவர்கள் பாடிய ஒரு பழைய பக்திப்பாட்டு, பின்னர் ஹைலாண்டர் மக்கள் பாடசாலை வழியாகப் பரவி, 'நாம் வெல்வோம்' என்ற பொருளிலே உலகம் முழுவதும் உரிமைப் போராட்டங்களின் கீதமாயிற்று. வேலைநிறுத்தம் ஒரு சிறு கூலியுயர்வோடு முடிந்தது.

இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் பெண்கள் தெருவுக்கு வந்தனர். இரண்டிலும் சமத்துவம் என்ற சொல் பேசப்பட்டது. இரண்டின் பின்னணியிலும் ஒரே கொம்பனி நின்றது. முன்னையது ஒரு பகற்பொழுது நிகழ்ந்தது; கொம்பனியின் பணம் அதற்குப் பின்னே இருந்தது; இன்றுவரை பாடநூல்களிலே இடம்பெறுகின்றது. பின்னையது ஐந்து மாதம் நிகழ்ந்தது. கொம்பனியின் பணம் அதற்கு எதிரே இருந்தது. பாட்டு உலகறியும், பாடிய பெண்களை உலகு அறியாது. எமது மாணவியின் கட்டுரையிலே முன்னது இடம்பெற்றுப் பின்னது இடம்பெறாமற் போனதற்கு அவளது கவனக்குறைவு காரணமன்று. எது நினைவில் நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தொழில் ஒன்று நூறாண்டுகளாக நடைபெற்று வருகின்றமையே காரணமாகும். 1914இல் கொலராடோவின் லட்லோ என்னுமிடத்திலே வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் எரிக்கப்பட்டு, குழியினுள் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சடைத்து மாண்டபோது, ரொக்பெல்லர் குடும்பத்தின் பெயரைக் கழுவித் துடைக்க ஐவி லீ அமர்த்தப்பட்டார். பொதுசனத் தொடர்புத் தொழிலின் பிதாக்களுள் ஒருவராக அவர் இன்று போற்றப்படுகிறார். தொழிலின் தொட்டிலருகிலேயே தொழிலாளர் குடும்பத்துப் பெண்களின் சடலங்கள் கிடந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பிளைஷ்மன் கனவுகண்டவாறே பெண்கள் இத்தொழிலுக்குள் வந்தார்களா எனின், வந்தார்கள். 1980களில் அமெரிக்காவிலே இத்தொழில் புரிவோரிற் பெண்கள் பெரும்பான்மையினராயினர். ஆயின் எண்ணிக்கை மாறியபோது நிலை மாறிற்றா? 1986இல் இத்துறையினரின் சர்வதேச சங்கமொன்றின் ஆதரவிலே வெளிவந்த ஆய்வொன்று, 'வெல்வெற்றுச் சேரி' என்ற கருத்துப்படத் தலைப்பிடப்பட்டிருந்தது. தலைப்பே நிலைமையைக் கூறும். கதவு திறக்கப்பட்டது, உள்ளே மென்மையான இருக்கையும் இருந்தது, ஆயின் மேல்மாடிக்குப் படிக்கட்டு இருக்கவில்லை. எழுதுவோர், அச்சிடுவிப்போர், விழா ஒழுங்கு செய்வோர் பெண்கள். கொள்கை வகுத்து நிருவாகிகளோடு அமர்வோர் ஆண்கள் என்ற பாகுபாட்டை ஆய்வாளர் கண்டனர். ஊதியமும் அதற்கேற்ப வேறுபட்டது. பெண்கள் வளர்க்கப்படும் முறையினால் அவர்களே கீழ்ப்படியைத் தெரிந்துகொள்கிறார்கள் என்ற விளக்கமும் முன்வைக்கப்பட்டது. பின்னர் எழுதிய பெண் ஆய்வாளர்கள் இவ்விளக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கி, தவறு பெண்ணின் மனத்திலன்று, நிறுவனத்தின் அமைப்பிலே உள்ளதென வாதிட்டனர். இவ்வாதமே எமக்கு ஏற்புடையது. மேற்படி இல்லாத வீட்டிலே ஒருத்தி தரையில் இருப்பதை அவளது தெரிவு என்பது எவ்வகை நியாயம்?

'பெண்களுக்கு இயல்பாகவே பொருந்திய தொழில்' என்னும் சொற்றொடரையும் இங்கு சோதித்தல் தகும். பெண் பொறுமையுள்ளவள், இன்முகத்தவள், பிறர் மனமறிந்து பேசுபவள். ஆகவே இத்தொழில் அவளுக்கு உரியது என்பர். இக்குணங்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. பிறரின் தயவிலே வாழ நேர்ந்த எவரும் பிறர் முகக்குறிப்பை அறியப் பழகுவர். அடிமைத்தனம் கற்பித்த பாடத்தை இயற்கையின் கொடை எனக் கூறி, அதற்குக் குறைந்த விலையும் நிருணயிப்பது முதலாளித்துவத்தின் பழைய தந்திரம். ஆசிரியத் தொழில் பற்றியும் தாதித் தொழில் பற்றியும் இதே சொற்களை நாம் கேட்டிருக்கிறோமல்லவா?

எமது நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என எண்ணுவோர், தேயிலைப் பெட்டிகளை எடுத்துப் பார்க்கட்டும். 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை தொடங்கப்பட்டது. கூடை சுமந்து, புன்னகை பூத்து, பசுமையின் நடுவே நிற்கும் மலையகத் தமிழ்ப் பெண்ணின் உருவம் உலகச் சந்தையெங்கும் இலங்கைத் தேயிலையின் முகமாயிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையக மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கியபோதும் அப்புன்னகை விளம்பரத்திலே மங்கவில்லை. தோட்டத்திலே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி 1984இலேயே சட்டபூர்வமாயிற்று. அதுவரை குறைந்த கூலிக்குக் கொழுந்து பறித்தவளே நாட்டின் முகமாக நின்றாள். டொறிஸ் பிளைஷ்மனுக்குக் குரல் இருந்தது, முகம் மறைக்கப்பட்டது. எமது கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ முகம் காட்டப்பட்டது, குரல் மறுக்கப்பட்டது. இருவரையும் ஒரே தராசில் நிறுத்தல் இயலாது. ஒருத்தி செல்வத்தின் மடியிலிருந்தவள், மற்றவள் லயத்து அறையிலே வாழ்ந்தவள். ஆயினும் இருவரிடமிருந்தும் எடுத்த கை ஒன்றே.

அம்மாணவியை அழைத்து இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். அவள் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியெண்டால் அந்தப் பெண்களின்ரை கோபமும் பொய்யோ, ரீச்சர்?" என்று கேட்டாள். எமக்கு உடனே விடை வரவில்லை. அவள் கேட்டது எமது விளக்கத்தை விடக் கூர்மையான கேள்வி. கோபம் பொய்யன்று என்றோம். தெருவிலே நடந்த பெண்களிற் சிலருக்கேனும் அது மெய்யான கோபம். பொய்யானது அதனை வாடகைக்கு எடுத்தவர்களின் வாய்ச்சொல். ஆகவே, அந்நிகழ்ச்சியைக் கட்டுரையிலிருந்து நீக்கவேண்டாம் என்றும், அது விடுதலையின் வரலாற்றிலன்றி விடுதலை களவாடப்பட்ட வரலாற்றிலே இடம்பெறவேண்டும் என்றும் கூறினோம்.

இன்று பெண் வலிமை, பெண் எழுச்சி என்னும் சொற்கள் சவர்க்காரம் முதல் வங்கிக் கடன் வரை எல்லாவற்றோடும் சேர்த்து விற்கப்படுகின்றன. எமது மாணவிகளிற் சிலர் நாளை இத்தொழிலுக்கே செல்வர்; செல்வதை நாம் தடுக்கவுமில்லை, தடுக்கவும் கூடாது. உழைத்து உண்ணும் எத்தொழிலும் பெண்ணுக்கு மறுக்கப்படலாகாது. ஆயின் ஒரு வாசகத்தைக் கண்டால், இதனைப் பேசுபவர் யார், யாருடைய பணத்திலே பேசுகின்றார், இதனை ஆக்கியவர்களுள் எவருடைய பெயர் விடுபட்டுள்ளது என்று கேட்கும் பழக்கத்தை வகுப்பறையிலேயே ஊட்டுதல் தமிழாசிரியரின் கடமை. செய்யுளுக்குப் பதவுரை சொல்லிக் கொடுப்பதோடு எமது பணி முடிந்துவிடுவதில்லை. விளம்பர வாசகமும் ஓர் இலக்கியப் பிரதியே. அதற்கும் உரை எழுதப்பட வேண்டும். அவ்வுரையை எழுதத் தவறிய ஒரு நாளிலேதான் நாம் அக்கட்டுரையின் ஓரத்திலே பாராட்டு எழுதினோம்.